அவளுக்கு நான் எழுதிய சிபாரிசுக் கடிதம்

இதைத் தமிழில் எழுதுவதற்கு முதல் காரணம், அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதுதான். பேசுவாள். வாய் ஓயாமல் பேசுவாள். ஆனால் எழுத்துக் கூட்டி ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட வாசிக்கத் தெரியாது. அவள் அப்பா விமானப்படையில் இருந்தவர். பொள்ளாச்சிப் பக்கம் சொந்த ஊர் என்றாலும், மாற்றல் வந்த ஊரிலெல்லாம் இந்தியில் படித்து, கடைசியில் டெல்லி ஜனக்புரியில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக்கில் வந்து இறங்கினாள். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளுக்கு வராதது எனக்கு வரும் என்று சொல்லிக்கொள்ள இந்த எழுத்து ஒன்றுதான் மிச்சம். அந்தத் தைரியத்தில் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன்: கல்லூரியில் நாலு வருஷமும் அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் முழுதாக அணைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மழை ஓய்ந்து செப்டம்பர் வந்தால் போதும், எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் ஜூனியர் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் என்னிடம் வரிசை கட்டுவார்கள். தீதி, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறோம், எப்படி எழுதுவது, யாரிடம் கடிதம் வாங்குவது, கொஞ்சம் சொல்லுங்கள் என்று. இங்கே அக்காவுக்குத் தீதி. அவர்கள் கேட்க வேண்டியது அவளை. இடம் கிடைத்துப் போனவள் அவள்தானே. ஆனால் அவள் மெசேஜுக்குப் பதில் போட மாட்டாள், நான் போடுவேன். அதனால் டெல்லியை விட்டு நகராதவளிடம் வந்து டெல்லியை விட்டுப் போகும் வழியைக் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். எந்தப் பேராசிரியரிடம் வேலை செய்ய ஆசையோ அவர் எழுதிய கட்டுரை ரெண்டையாவது படித்துவிட்டு எழுது. ஆறு வயதில் முதல் முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட கதையோடு ஆரம்பிக்காதே, அது எல்லோரும் தொட்டதுதான். கடைசி நாள் வரை காத்திருக்காதே, அன்றைக்குத்தான் உங்கள் வீட்டு வைஃபை படுக்கும். இப்படியெல்லாம். சிபாரிசுக் கடிதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே மெட்ரோ. காலையில் ஜனக்புரி மேற்கு நிலையத்தில் நான் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்பேன். அவள் கதவு மூடப்போகிற நேரத்தில், தலையைக்கூட வாராமல், கையில் பாதி பராட்டாவோடு ஓடி வருவாள். ஒரு நாளாவது வண்டியைத் தவற விட்டாளா என்றால் கிடையாது. அதுவே எனக்கு எரிச்சல். ஏறியதும் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். நான் இறங்கும் வரைக்கும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பரீட்சை முடிவு வந்தால் அவள் என்னைவிட ரெண்டு மார்க், மூணு மார்க் மேலே. ஐம்பது மார்க் மேலே என்றால் போகட்டும், அவள் வேற ஜாதி என்று விட்டுவிடலாம். ரெண்டு மார்க்கை எப்படி விடுவது?

எங்கள் வீட்டில் டெல்லிக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை. அம்மா அந்தப் பேச்சிலேயே என்னைக் குத்துவாள்.

"ஏட்டி, நீ விடியக்காலம் எந்திரிச்சு படிக்கே. அந்தப் பிள்ளை புஸ்தகத்தைத் தொட்டு நான் பாத்ததே இல்ல. எப்படிட்டி அவ மட்டும் முன்னால வாரா?"

"அவளுக்கு மூளை இருக்கும்மா."

"அப்ப ஒனக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

வெளியே நாங்கள் உயிர்த் தோழிகள். பிறந்த நாளுக்கு நான்தான் கேக் வாங்குவேன். காய்ச்சல் என்றால் நான்தான் நோட்ஸ் அனுப்புவேன், அதை அவள் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆனால் உள்ளே ஒரு கண் எப்போதும் அவள் மேலேயே இருக்கும். வகுப்பில் எந்தக் கேள்விக்குக் கை தூக்குகிறாள், எதற்குத் தூக்கவில்லை, புரியாத விஷயம் வந்தால் இடது காது மடலை எப்படிப் பிடித்து இழுத்துக்கொள்கிறாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். சொந்தத் தங்கச்சியின் பிறந்த நாளை மறந்துபோவேன். ரெண்டாம் வருஷத் தேர்வில் அவள் எந்தக் கேள்வியைத் தப்பாகப் போட்டாள் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே ப்ராஜெக்டில் போட்டார்கள். டெல்லித் தெருப் பெயர்ப் பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என்று நாலு எழுத்தில் பெயர் இருக்கும் அல்லவா, புகைப்படத்தைக் காட்டினால் அந்த நாலையும் படித்துச் சொல்கிற ஒரு ப்ரோகிராம் எழுத வேண்டும். கொஞ்சம் படங்களைக் காட்டி அதற்குப் பயிற்சி கொடுப்போம். பிறகு அது பார்த்தே இராத வேறு படங்களைக் காட்டி, உண்மையிலேயே கற்றுக்கொண்டதா என்று சோதிப்போம். தெருத் தெருவாக அலைந்து படம் எடுத்தது ரெண்டு பேரும். பயிற்சிக்கு இது, சோதனைக்கு இது என்று படங்களைப் பிரித்தது நான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம். வெளியே வெயிலே இல்லாத குளிர். லேபில் நாங்கள் ரெண்டு பேர் மட்டும். என் திரையில் சோதனை முடிவு வந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரி. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன்.

"ஏ, இங்க பாரேன்! தொண்ணூத்தேழு!"

அவள் பக்கத்து மேஜையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கின்னு உரித்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம் வந்தால் டெல்லியில் வண்டி வண்டியாக வருமே, அந்த ஆரஞ்சுப் பழம். லேபுக்குள் எதையும் தின்னக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, இவள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து உரிக்கிறாள். எழுந்து வந்தாள். என் தொண்ணூற்றேழை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. சோதனைப் படங்களைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று உரிப்பது நின்றது. பாதித் தோல் பழத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கறையை நான் முன்னாடியே பாத்திருக்கேனே."

மந்திர் மார்க்கில் நாங்கள் எடுத்த பலகை அது. கீழ் மூலையில் எவனோ பான் எச்சிலைத் துப்பியதில் சிவப்பாக ஒரு தீற்றல். அவள் பயிற்சிப் படங்களைத் திறந்தாள். அங்கேயும் அதே தீற்றல். கோணம் வேறு, வெளிச்சம் வேறு, பலகை ஒன்றுதான். ஒரே பலகையை நாங்கள் நாலைந்து படம் எடுத்திருந்தோம். நான் அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டாகப் பிரித்திருந்தேன். சோதனைக்கு வந்த பலகை எல்லாம் ப்ரோகிராம் ஏற்கெனவே பார்த்த பலகை.

"அரே, இது படிக்கவே இல்ல," என்று சிரிக்க ஆரம்பித்தாள். "எவனோ துப்பினதைப் பாத்து மந்திர் மார்க்னு சொல்லுது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வாரம் டெமோ, துறையில் எல்லோரும் வருவார்கள், முதல் முறையாக என் பெயருக்கு நேரே ஒரு பெரிய எண் நிற்கப் போகிறது.

"டெமோ முடியட்டும் டி. அப்புறம் சொல்லிக்கலாம்."

"தப்பை வச்சிட்டு எப்படி டெமோ பண்றது?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"நமக்குத் தெரியுமே," என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். மீதித் தோலை உரித்துப் பழத்தைப் பிட்டு எனக்கும் ஒரு சுளை நீட்டினாள். "போச்சாது விடு. திரும்பப் பண்ணிக்கலாம்."

அந்தச் சுளையை அவள் முகத்திலேயே எறிய வேண்டும் போல இருந்தது. வாங்கித் தின்றேன்.

மறுநாள் எங்கள் ப்ராஜெக்ட் சாரிடம் போய், முடிவு தப்பு, திரும்பச் செய்கிறோம் என்று ஒரே வரியில் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அச்சா, ஜல்தி கரோ," சரி, சீக்கிரம் செய்யுங்கள் என்றார். யார் கண்டுபிடித்தது, எப்படிக் கண்டுபிடித்தது, ஒன்றும் கேட்கவில்லை. பனிமூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக பஸ் ஏறிப் போய் அவளே புதுப் பலகைகளைப் படம் எடுத்து வந்தாள். அதை வைத்துச் சோதித்தபோது பாதிக்கு மேல் தப்பு. பிறகு மாதக்கணக்கில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினோம். கடைசியில் ஒரு சின்னக் கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர் முதலில், என் பெயர் ரெண்டாவதாக. அநியாயம் என்றால் சண்டை போட்டிருப்பேன். நியாயமாகத்தான் போட்டிருந்தார்கள், அதனால் சண்டை போடக்கூட வழியில்லை.

நாலாம் வருஷம் விண்ணப்பக் காலம் வந்தது. எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. அம்மாவின் "அப்ப ஒனக்கு?" என்ற கேள்விக்கு ஒரே அடியாகப் பதில் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட வேண்டும். எக்ஸெலில் பெரிய பட்டியல் போட்டேன். கனவுக் கல்லூரிகளுக்குச் சிவப்பு, நடுத்தரத்துக்கு மஞ்சள், பத்திரமானவைக்குப் பச்சை. சிவப்பில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பேராசிரியர் இருந்தார். அமெரிக்காவில், படங்களில் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே அவர் வேலை. வருஷத்துக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் எடுப்பார். அவரை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் கட்டுரைகளையெல்லாம் அச்சடித்து, கோடு போட்டுப் படித்தேன்.

ஒரு நாள் மெட்ரோவில் அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இவரு நல்லாருக்காரே! நானும் போட்டுப் பாக்கறேனே."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவர் என்ன எங்கள் அப்பா வீட்டுச் சொத்தா? பல்லைக் கடித்துக்கொண்டு, "போடேன்," என்றேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு கல்லூரி எதுவும் கண்ணில் படவில்லை. இருப்பது ஒரு இடம், அது எனக்கா அவளுக்கா என்பது மட்டும்தான். விண்ணப்பத்தில் என் நோக்கத்தை விளக்கும் கட்டுரையைப் பத்தொன்பது முறை திருத்தி எழுதினேன். அவள் தன்னுடையதை ஒரு மத்தியானத்தில் எழுதிவிட்டு ஆலு டிக்கி சாப்பிடப் போகலாமா என்று போன் செய்தாள்.

இனிமேல்தான் கடிதம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று ஆசிரியர்கள் நம்மைப் பற்றி எழுத வேண்டும். நாம் அதைப் பார்க்கக் கூடாது, அது ஆசிரியருக்கும் அந்தக் கல்லூரிக்கும் நடுவில் ரகசியம். இது அங்கே உள்ள வழக்கம். இங்கே உள்ள வழக்கம் வேறு. "பேட்டா, தும் ஹீ லிக் தோ," என்பார்கள். நீயே எழுதிக் கொண்டு வா, என் பெயரைப் போட்டு அனுப்பிவிடலாம். எனக்கு மூன்று பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் உட்கார்ந்து மூன்று ஆசிரியர்களாக மாறி என்னை மூன்று விதமாகப் புகழ்ந்தேன். மூன்று விதம் என்று அப்போது நினைத்தேன். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், சின்சியர், மிகச் சிறந்தவர், என் அனுபவத்தில் இப்படி ஒரு மாணவியைக் கண்டதில்லை. கூச்சமா? கொஞ்சம் இருந்தது. முதல் கடிதத்தோடு போய்விட்டது.

அவளிடமும் ப்ராஜெக்ட் சார் நீயே எழுது என்றுதான் சொன்னாராம். "என்னைப் பத்தி நானே எப்படி சார்?" என்று இவள் நின்றிருக்கிறாள். சரி, நானே எழுதுகிறேன் போ என்று அனுப்பிவிட்டார். இவளும் அதை நம்பிவிட்டாள். மூன்று தடவை போய்க் கேட்டபோதும் ஆகிவிடும், ஆகிவிடும் என்றிருக்கிறார். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உஸ்கா பீ தும் லிக் தோ," என்றார். அவளுடையதையும் நீயே எழுதிவிடு. ரெண்டு பேரும் ஒரே ப்ராஜெக்ட் தானே, உன் இங்கிலீஷும் நன்றாக இருக்கிறது. அவளிடம் மட்டும் சொல்லிவிடாதே, நான் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாமி கடைசியில் என் பக்கம் கண்ணைத் திறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சீ என்று இருக்கிறது இப்போது. ஆனால் நினைத்தேன்.

மறுநாள் மொட்டை மாடியில், வெயிலில் பாய் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பொய்யாக எதையும் எழுதிக் கெடுக்க மாட்டேன் என்று எனக்கு நானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன். அது பெருந்தன்மை இல்லை, பயம். மாட்டிக்கொண்டால் என் விண்ணப்பமும் போய்விடும். ஆனால் ஒரு பாராட்டு வார்த்தைகூட என் கையால் அவளுக்குப் போகக் கூடாது. அதில் மட்டும் உறுதியாக இருந்தேன். சிறந்தவர் இல்லை, அபாரம் இல்லை, சின்சியர்கூட இல்லை. நடந்ததை மட்டும் வறட்டு வறட்டென்று எழுதிவிட்டு எழுந்துவிடுவது. அவர்கள் பார்த்துவிட்டு, சே, இவளைப் பற்றிச் சொல்ல இந்த ஆசிரியருக்கு ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடைக்கவில்லையே என்று தூக்கிப் போடட்டும்.

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. நாலு வருஷம் சேர்த்து வைத்ததல்லவா! நேரத்துக்கு வர மாட்டாள் என்று எழுதினேன். நோட்ஸ் எடுக்க மாட்டாள். மேடையில் பேசச் சொன்னால் திரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பாள். தின்னக் கூடாத லேபில் ஆரஞ்சு தின்றாள் என்பதையும் விடவில்லை, விதியை மதிக்காதவள் என்று தெரியட்டுமே. அந்த மத்தியானத்தை அப்படியே எழுதினேன். மற்றவர்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் ஆரஞ்சு பாதி உரித்தபடி நின்றுவிட்டது, எச்சில் கறையைக் காட்டினாள். கூட வேலை செய்தவள் கெஞ்சியும் அந்த முடிவைக் காட்ட மறுத்தாள், பிடிவாதக்காரி. பிறகு பனியில் தனியாகப் போய்ப் புதுப் படம் எடுத்தாள், எண் பாதிக்குக் கீழே விழுந்தபோது முகம் கூடச் சுளிக்கவில்லை. புரியாத இடம் வந்தால் காது மடலை இழுப்பாள், இழுத்தால் அன்றைக்குள் விடை வந்துவிடும். ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது.

நடுவில் இன்னொரு சின்னத்தனமும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கறைக் கதையை வெட்டி எடுத்து என் கடிதத்தில் ஒட்டிப் பார்த்தேன். கறையைக் கண்டது நான் என்று. படித்தால் எனக்கே நம்ப முடியவில்லை. அந்த அறையில் நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன் என்று யோசித்தால் தொண்ணூற்றேழு என்ற எண்ணைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மறுபடி வெட்டி அவள் கடிதத்திலேயே போட்டேன்.

சார் தன் அறையில் மத்தியானத்து ராஜ்மா சாவல் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனுக்கு வந்த ஓடிபியை வாய்விட்டுச் சொன்னார். நான் அவர் கம்ப்யூட்டரில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முதலில் என் கடிதத்தையும் பிறகு அவள் கடிதத்தையும் ஏற்றினேன். ஒரு வரி படித்தாரா? மூச். "படியா," பிரமாதம் என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேடினார்.

பிப்ரவரியில் அந்தப் பேராசிரியர் அவளை மட்டும் வீடியோவில் பேசக் கூப்பிட்டார். மார்ச்சில் அவளுக்கு இடம் உறுதியானது, படிப்புச் செலவு மொத்தமும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு, விண்ணப்பம் போட்ட ஏழு கல்லூரியிலிருந்தும் வருந்துகிறோம் என்று வந்தது. சிவப்பு, மஞ்சள் மட்டுமில்லை, பத்திரம் என்று நான் பச்சை அடித்து வைத்திருந்ததும்கூட. அம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டு என்னை எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தாள். "அப்ப ஒனக்கு?" என்று கேட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் எனக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறேன் என்று சாணக்யபுரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மாநில விருந்தினர் இல்லத்தின் கேண்டீனில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். மெட்ரோ, பிறகு ஆட்டோ என்று மாதம் ஒரு தடவையாவது போய்விடுவோம். நான் நல்லபடியாகச் சிரித்து, நல்லபடியாக வாழ்த்தி, பருப்பும் நெய்யும் பிசைந்துகொண்டிருந்தேன்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றாள். "இண்டர்வியூல அவரு மொதக் கேள்வியே என்ன கேட்டாரு தெரியுமா? அந்த ஆரஞ்சு என்னாச்சுன்னு கேட்டாரு."

என் கை இலையிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே புரியல. அப்புறம் அவரே சிரிச்சிட்டு லெட்டர்ல இருந்து ஒரு வரி படிச்சாரு. மத்தவங்க நம்பரைப் பாத்தாங்க, இவ படத்தைப் பாத்தான்னு. வர்ற லெட்டர் பூரா ஒரே மாதிரி இருக்குமாம், எல்லாரும் பெஸ்ட்டு, எல்லாரும் டாப்பு. இது ஒண்ணுலதான் ஒரு ஆளு தெரிஞ்சதாம். லேட்டா வருவேன்னுகூட எழுதிருந்துச்சாமே! அதைப் படிச்சதுக்கப்புறந்தான் மீதியை நம்பினேன்னாரு."

"ஓ," என்றேன்.

"சாருக்குத் தேங்க்ஸ் சொன்னேன். அரே பேட்டா, உனக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்னு தோளைத் தட்டினாரு." சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆனா சார் அன்னிக்கு லேப்லயே இல்லியே. நாம ரெண்டு பேருதான இருந்தோம்."

நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

"எவ்வளவு கவனிச்சிருக்கே டி என்னை!" அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கம்மாகூட என்னை இப்படிப் பாத்ததில்ல. இவ்வளவு பிரியம் வச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

பிரியம் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. எந்த மனசோடு அதை எழுதினேன் என்று சொல்ல வாய் திறந்தால் என்னவெல்லாம் வருமோ என்று அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"உன் லெட்டரை யாரு எழுதினா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானேதான். மூணையும்."

"அரே! என்கிட்ட சொல்லிருந்தா நான் எழுதிருப்பேன்ல?"

அதோடு விட்டிருக்க வேண்டும். விட முடியவில்லை, கேட்டுவிட்டேன். "என்ன எழுதிருப்பே?"

அவள் யோசித்தாள். பாவம், நிஜமாகவே யோசித்தாள். வலது கையில் ரசம் சாதம், இடது கை காது மடலுக்குப் போய்விட்டது. பரிமாறுகிறவர் வந்து ரெண்டு பேருக்கும் பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ஏழு கல்லூரியின் பதிலுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. நாலு வருஷம் ஒரே மெட்ரோ, ஒரே லேப், ஒரே பெஞ்ச். என்னைப் பற்றி ஏதாவது ஒன்று அவள் பார்த்திருக்க மாட்டாளா? நல்லதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு கெட்ட பழக்கம் போதும்.

"நீ வந்து..." என்று இழுத்தாள். "ரொம்ப சின்சியர். ஹார்டு ஒர்க்கிங். டைமுக்குக் கரெக்டா வந்துருவே."

மூன்று கடிதத்திலும் நான் என்னைப் பற்றி எழுதியிருந்ததும் அதேதான்.

சொல்லி முடித்த சந்தோஷத்தில் அவள் தன் பாயசக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இதையும் நீயே சாப்பிடு டி, உனக்குப் பிடிக்குமே." எனக்குப் பாயசம் ஆகாது. அந்தக் கேண்டீனுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் என் கிண்ணத்தை வாங்கிக் காலி செய்கிறவள் அவள்தான்.